ஓரி விட்ட அம்பு: அதிர்ஷ்டமா, திறமையா?



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தருகிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் பேனா நேராகக் கொல்லிமலைக்கு ஏறிவிட்டது. கடைசி வருஷம் நாம் போன டூர் ஞாபகம் இருக்கிறதா? காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு வருவதற்குள் பாதி பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டது. செம்மேட்டில் இறங்கி, வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே ஒரு சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் நான் பேசியதற்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. எனக்கு வேலை கிடைத்திருந்தது. நம் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற ஒருவனுக்குக் கிடைக்கவில்லை. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அவன் சிலையைப் பார்த்துவிட்டு, ஒரே அம்பில் அஞ்சு மிருகமாம், எல்லாம் லக்குடா என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். லக் என்பது வேலை கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த வார்த்தை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இத்தனை வருஷம் கழித்து, அந்த ஓரி யார் என்று ஒழுங்காகப் படித்துப் பார்த்தேன்.

ஓரி சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையையும் அதைச் சுற்றிய நாட்டையும் ஆண்ட குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாரி, பேகன், காரி, ஆய், அதியமான், நள்ளி ஆகியோர் மற்ற ஆறு பேர். அவன் எந்த வருஷம் பிறந்தான், அம்மா அப்பா யார் என்பதற்கெல்லாம் கல்வெட்டு கிடையாது. புலவர்கள் பாடியதுதான் அவன் பயோடேட்டா. அவன் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அவனோடு மோதிய திருமுடிக்காரியின் குதிரைக்கும் எஜமானன் பெயரேதான், காரி. சிறுபாணாற்றுப்படை எழுதிய நல்லூர் நத்தத்தனார் இந்த இரண்டு குதிரைகளையும் விடாமல் குறித்து வைத்திருக்கிறார்.

அந்தப் புகழ்பெற்ற அம்பு புறநானூற்றின் 152-வது பாட்டில் வருகிறது. பாடியவர் வன்பரணர். பாணர் கூட்டத்தோடு காட்டு வழியே போகிறவர் ஒரு வேட்டையைப் பார்க்கிறார். ஒருவன் விட்ட அம்பு யானையைச் சாய்க்கிறது, புலியைக் கொல்கிறது, புள்ளிமானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. விட்டவன் யார் என்று புலவருக்குத் தெரியாது. மார்பில் கிடக்கும் ஆரத்தைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவன் மாதிரி இல்லை. ஓரியாக இருக்குமோ, இல்லையோ என்று யோசிக்கிறார். எதற்கும் பாடிப் பார்ப்போம் என்று முடிவு செய்கிறார். பாட்டு முடிந்து, அரசன் என்று பொருள்படும் கோ என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த வேடன் வெட்கப்பட்டுவிடுகிறான். பிறகு மான்கறியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் சேர்த்து அந்த நடுக்காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான்.

இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். இங்கிலாந்தின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-ல் மூழ்கியது. 1982-ல் அதை மேலே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து கிடைத்த நெடுவில்களின் இழுவிசை 100 பவுண்டுக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர்களின் வில்லுக்குச் சுமார் 50 பவுண்டுதான். அப்படிப்பட்ட பலமான வில்லிலிருந்து 80 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆற்றல் 100 ஜூல். பத்து கிலோ அரிசிப் பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இந்த ஆற்றல் முழுவதும் ஒரு கூர்முனையில் குவிவதால் யானைத்தோல்கூடத் தாங்காமல் போகலாம். ஆப்பிரிக்காவில் கென்யாவின் வாட்டா மக்கள் நெடுவில்லும் விஷம் தடவிய அம்பும் கொண்டே யானை வேட்டையாடியவர்கள்.

ஆனால் யானையைத் துளைத்து வெளியே வந்த அம்பு அதற்கப்புறம் புலி, மான், பன்றி, உடும்பு என்று போக மிச்ச ஆற்றல் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு எலும்பிலும் தோலிலும் பட்டுத் திசை மாறாமல் இருக்குமா? இது ஒருபக்கம். அதைவிடப் பெரிய கேள்வி, புலியும் மானும் பன்றியும் யானைக்குப் பின்னால் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒரே நேர்கோட்டில் ஏன் நிற்க வேண்டும்? புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படியே நடந்தது என்று ஒப்புக்கொண்டாலும், அந்த வரிசையை ஓரி அமைக்கவில்லை. அது அன்றைய காட்டின் தயவு. இந்த அளவில் நம் நண்பன் சொன்னது சரி. சிலைக்கு முன்னால் நான்தான் தோற்றேன்.

அப்படியானால் ஓரியின் பெயர் வெறும் அதிர்ஷ்டத்தில் வந்ததா? அதுவும் இல்லை. இதற்குச் சாட்சி அதே பாட்டில் இருக்கிறது, பல தடவை படித்தபிறகுதான் எனக்கே பிடிபட்டது. அம்பைப் பார்த்ததுமே புலவருக்கு ஓரியோ என்ற சந்தேகம் வந்ததே, எப்படி? ஆளை அடையாளம் தெரியாது. ஆனால் இப்படி ஓர் அம்பு விட்டால் அது ஓரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதாவது இந்த அம்புக்கு முன்பே ஓரிக்கு வில்லாளி என்ற பேர் நாடெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பேர் ஒரு நாளில் வந்ததாக இருக்க முடியாது.

குதிரைப் பந்தயத்திலும் இதுதானே நியாயம்? ஒரே ஒரு ரேஸில் ஜெயித்த குதிரையை வைத்து அதைப் பழக்கியவர் கெட்டிக்காரர் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். முன்னால் ஓடிய குதிரை இடறியிருக்கலாம், மழை பெய்து தரை இளகியிருக்கலாம். சீசன் முழுக்க எத்தனை ஓட்டம், அதில் எத்தனை வெற்றி என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு ரேஸில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. நூறு ரேஸில் பிரித்துவிடலாம்.

ஓரிக்கும் அப்படி எண்ணிப் பார்த்தேன். வல்வில் ஓரி என்று அவனைச் சொன்னது வன்பரணர் மட்டுமில்லை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பரணர் சொல்கிறார். கபிலர் சொல்கிறார். அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். இதில் கபிலர் சாட்சிதான் கோர்ட்டில்கூட நிற்கும். ஏனென்றால் அவர் ஓரியின் ஆள் இல்லை. ஓரியைக் கொன்ற காரியின் கொடையை மனம் நிறையப் பாடியவர். எதிரணியைப் பாடியவரே இந்த வில்லை வலிய வில் என்று சொன்னால், அது முகஸ்துதி ஆகுமா?

இனி அவன் முடிவு. முள்ளூர் மலைக்கும் திருக்கோவலூருக்கும் தலைவனான மலையமான் திருமுடிக்காரி ஓரியோடு போரிட்டு அவனைக் கொன்றான். கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஓரி இல்லாத ஓரியின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது ஊரே எழுப்பிய கூச்சலை நற்றிணையில் கபிலரே குறிப்பிடுகிறார். காரியும் சாதாரண ஆள் இல்லை. மூவேந்தரும் படைத்துணை கேட்டு ஆளனுப்பிய வீரன். மலை கடைசியில் சேரர் கைக்குப் போனதைப் பார்த்தால், ஓரி மோதியது ஒரு காரியோடு மட்டுமில்லை என்று தெரிகிறது. அன்று அவன் கை தளர்ந்துவிட்டதா, வில் மெலிந்துவிட்டதா? கை அதே கை, வில் அதே வில். மிருகங்கள் வரிசையில் நிற்கிற நாள் ஒன்று உண்டு என்றால், நிற்காத நாளும் ஒன்று உண்டு. ஜெயித்த காரிக்கும் அதே கதைதான். அவனுடைய கோவலூரை அதியமான் அழித்ததை ஔவையார் பாட்டில் பார்க்கலாம்.

ஓரியைப் பற்றி இன்னொரு பாட்டும் உண்டு, புறநானூறு 204. பாடியவர் கழைதின் யானையார். பரிசில் கேட்டுப் போன இடத்தில் அவருக்கு அன்று கிடைக்கவில்லை போலிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டிய மனிதர், வேறு மாதிரி பேசுகிறார். நாடிப் போய் ஒன்றும் கிடைக்காதவர்கள் தாங்கள் புறப்பட்ட நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்களே தவிர, வள்ளலைப் பழிக்க மாட்டார்கள் என்கிறார். அதனால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ வாழ்க என்று ஓரியை வாழ்த்துகிறார்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை நண்பர்களே. செம்மேட்டில் நம் நண்பன் சொன்னது இதைத்தானே? இன்டர்வியூ எடுத்தவர்களை அவன் திட்டவில்லை, எங்களைப் பார்த்து வயிறெரியவில்லை. நேரம் சரியில்லை என்று அந்தப் புலவர் மாதிரி நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டான். அதை நான் கையாலாகாதவன் பேச்சு என்று நினைத்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. அதற்கு முன் அது எனக்குச் சுத்தமாகப் புரிந்ததில்லை. அவன் உள்ளே போனபோது அவர்கள் வேறு எதையோ கேட்டார்கள். நான் நான்கு வருஷம் உழைத்தது பொய்யில்லை, வில்லை இழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் அன்று மிருகங்களை வரிசையில் நிறுத்திவைத்தது அவன்.

அதிர்ஷ்டமா, திறமையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஒற்றை அம்பை வைத்து யாரையும் எடை போடாதீர்கள், அது ஜெயித்த அம்பானாலும் சரி, தவறிய அம்பானாலும் சரி. வில்லை வலிதாக்குவது நம் வேலை, வரிசை நம் கையில் இல்லை. தோற்றவன் நேரத்தை நொந்துகொண்டால் அது பெருந்தன்மை. ஜெயித்தவனும் நேரத்துக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். ஓரி அதைச் செய்தான். புகழ் காதில் விழுந்ததும் வெட்கப்பட்டான், கையிலிருந்ததை அள்ளிக் கொடுத்தான். இத்தனை மலைத்தலைவர்கள் வாழ்ந்து மறைந்த நாட்டில் அவனுக்கு ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டி நடத்துகிறது. அந்த ஐந்து மிருகங்களுக்காக மட்டும் இது நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரீயூனியனுக்கு அவனும் வருகிறான் என்று கேள்விப்பட்டேன். இந்த மலரை எல்லோருக்கும் முன்னால் அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அப்புறம் இன்னொரு தடவை எல்லோருமாகக் கொல்லிமலை போவோம். இந்த முறை டீ என் செலவு.