கீச்சிரோ டொயோடா

கீச்சிரோ டொயோடா (ஜூன் 11, 1894 – மார்ச் 27, 1952) ஜப்பானியப் பொறியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். டொயோட்டா தானுந்து நிறுவனம் 1937-ஆம் ஆண்டில் தொடங்கப்படக் காரணமாக இருந்தவர் இவரே. தறித் துறையில் பல கண்டுபிடிப்புகளைச் செய்த சாகிச்சி டொயோடாவின் மகனான இவர், தந்தையின் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே எஞ்சின் ஆய்வைத் தொடங்கினார். அதன் பயனாக 1934-இல் உருவான ஏ வகை எஞ்சினும், அதன் வழிவந்த பி, சி வகை எஞ்சின்களும் டொயோட்டாவின் முதல் எஞ்சின் குடும்பமாகக் கருதப்படுகின்றன. பணிநீக்கச் சிக்கலுக்குப் பொறுப்பேற்று 1950-இல் இவர் பதவி விலகினார். நிறுவனத்தின் பெரும் வளர்ச்சியைக் காணாமலே 57-ஆம் அகவையில் காலமானார்.

இளமையும் கல்வியும்

கீச்சிரோ, ஜப்பானின் சிசுவோகா மாநிலத்தில் இன்றைய கொசாய் நகரப் பகுதியில் உள்ள யமகுச்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தச்சுத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த தந்தை சாகிச்சி, தறி ஆராய்ச்சியிலேயே மூழ்கியிருந்தார். கீச்சிரோ பிறந்த சில மாதங்களில் தாயார் தாமி வீட்டை விட்டுப் பிரிந்து சென்றார். குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தனர். சாகிச்சி பின்னர் மறுமணம் செய்துகொண்டார். அவ்வழியில் பிறந்த தங்கை ஐக்கோவை மணந்த ரிசாபுரோ, டொயோடா குடும்பத்தின் மகனாகத் தத்தெடுக்கப்பட்டார். அவர் அகவையில் மூத்தவராதலால் குடும்பத் தொழில்களின் நிருவாகப் பொறுப்பு அவரிடம் சென்றது. இவ்வேற்பாடு கீச்சிரோவைத் தொழில்நுட்பப் பணியில் நிலைபெறச் செய்தது.

செண்டாய் நகரில் உயர்நிலைக் கல்வியை முடித்த கீச்சிரோ, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று 1920-இல் பட்டம் பெற்றார். 1921-இல் தந்தையின் நூற்பு நெசவு நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் செய்தார். அப்போது இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், உலகின் முன்னணி நெசவு எந்திர நிறுவனமாக விளங்கிய பிளாட் சகோதரர்கள் ஆலையில் தங்கி உற்பத்தி முறைகளைக் கற்றார்.

தறியிலிருந்து தொடக்கம்

நாடா வைத்து இயங்கும் விசைத்தறியில், நாடாவினுள் இருக்கும் தாரில் ஊடை நூல் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தி மாற்ற வேண்டியிருக்கும். பாவு நூல் அறுந்ததைக் கவனிக்காவிட்டால் துணி பழுதாகும். நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறி ஓட்டுவோர் நன்கு அறிந்த இடர்கள் இவை. 1924-இல் சாகிச்சியும் கீச்சிரோவும் முழுமையாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி இவ்விரண்டுக்கும் தீர்வு தந்தது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் குறையாமல் நாடா தானாக மாறியது. நூல் அறுந்தால் தறி தானாக நின்றது. இதனால் ஒரே பணியாளர் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது.

இத்தறியை உற்பத்தி செய்ய 1926-இல் கரியா நகரில் டொயோடா தானியங்கித் தறித் தொழிலகம் நிறுவப்பட்டது. ஒரே அளவுள்ள உதிரிகளை ஆயிரக்கணக்கில் வார்த்துக் கடைந்து பொருத்தும் அனுபவம் கீச்சிரோவுக்கு இங்கேதான் கிடைத்தது. 1929 திசம்பரில் பிளாட் நிறுவனம் இத்தறியின் உரிமையை 100,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது (இத்தொகை பின்னர் குறைக்கப்பட்டது). ஜப்பான், சீனா, ஐக்கிய அமெரிக்கா நீங்கலாக இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கு இவ்வுரிமை செல்லும். ஏழாண்டுகளுக்கு முன் மாணவனாகச் சென்ற ஆலைக்கே கீச்சிரோ தொழில்நுட்பத்தை விற்றார். எனினும் அப்பயணத்தில் அவர் மனத்தை ஈர்த்தது, தறித் தொழில் மேலைநாடுகளில் தளர்ந்து வருவதும் தானுந்துத் தொழில் தழைத்து வருவதுமே ஆகும்.

எஞ்சின் ஆய்வின் தொடக்கம்

1923-இல் நிகழ்ந்த கந்தோ பெருநிலநடுக்கத்தில் டோக்கியோவின் தொடர்வண்டிப் பாதைகள் சிதைந்தன. போக்குவரத்துக்காக அமெரிக்காவிலிருந்து போர்டு வண்டிகள் பெருமளவில் தருவிக்கப்பட்டன. 1925-இல் போர்டு நிறுவனம் யொக்கோகாமாவிலும், 1927-இல் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் ஒசாக்காவிலும் பொருத்து ஆலைகளைத் திறந்தன. பெட்டிகளில் வந்த உதிரிகளைப் பூட்டி விற்ற இவ்வாலைகளின் போட்டியில் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தாக்குப்பிடிக்க இயலவில்லை. மிட்சுயி, மிட்சுபிசி போன்ற பெருவணிகக் குழுமங்களே பொதுப் பயன்பாட்டுக் கார் உற்பத்தியில் இறங்கத் தயங்கின.

1930-இல் நாடு திரும்பிய கீச்சிரோ, தறித் தொழிலகத்தின் ஒரு பகுதியில் ஆய்வைத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் சாகிச்சி காலமானார். மிதிவண்டியில் பொருத்தத்தக்க சுமித் என்னும் சிறிய எஞ்சினைப் பிரித்து, வரைந்து, அதைப் போன்ற எஞ்சினைச் செய்து பார்ப்பதே முதற்படியாக அமைந்தது. ரிசாபுரோ தொடக்கத்தில் இம்முயற்சியைக் கவலையுடனேயே நோக்கினார். வாகனத் தொழில், குடும்பத்தின் செல்வம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும் என்பது அவருடைய அச்சம். இறுதியில் அவர் இசைந்தார். 1933 செப்டம்பர் 1 அன்று தறித் தொழிலகத்தில் தானுந்துப் பிரிவு அமைக்கப்பட்டது.

ஏ வகை எஞ்சின்

1933-ஆம் ஆண்டுச் செவ்ரோலே கார் ஒன்று வாங்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் ஆறு உருளைகளை (சிலிண்டர்களை) ஒரே வரிசையில் கொண்டது. வால்வுகள் உருளைகளுக்கு மேலே அமைந்தவை. இதையே கீச்சிரோ முன்மாதிரியாகக் கொண்டார். உதிரிகள் செவ்ரோலே உதிரிகளுடன் பொருந்தும்படி அமைந்தால், வண்டி வாங்குவோர் பழுதுபார்க்க அஞ்ச வேண்டியதில்லை என்பதும் அவருடைய கணக்காக இருந்தது.

வரைபடம் எளிதாக இருந்தது. வார்ப்பே கடினமாக இருந்தது. எஞ்சினின் உருளைத் தொகுதி வெறும் இரும்புக் கட்டி அன்று. உருளைகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுவதற்கான வளைந்த வழிகள் அதனுள் உண்டு. அவ்வழிகளை உண்டாக்க, அச்சினுள் மணலாலான கருக்களை வைத்து, அவற்றைச் சுற்றி உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். கரு உடைந்தாலும் நகர்ந்தாலும் சுவரின் தடிப்பு மாறிவிடும். மணலிலிருந்து வெளிவரும் வளி தப்பிச் செல்ல வழியில்லாவிட்டால் இரும்பில் துளைகள் விழும். தறி உதிரிகளைத் திறம்பட வார்த்த தொழிலாளர்கள் இங்கு மீண்டும் மீண்டும் தோல்வி கண்டனர். எண்ணெய் கலந்து சுடப்படும் மணற்கரு முறையைக் கையாண்டு, கலவையையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். நல்ல தொகுதிகள் கிடைப்பதற்கு முன் நூற்றுக்கணக்கானவை உடைத்து உருக்கப்பட்டன.

தேவையான தரத்தில் சிறப்பு எஃகு உள்நாட்டில் கிடைக்காததால், கீச்சிரோ சொந்தமாக எஃகு உருக்கும் பிரிவையும் ஏற்படுத்தினார். இதுவே பின்னாளில் ஐச்சி எஃகு நிறுவனமாக வளர்ந்தது. வாகனம் செய்யப் புகுந்தவர் எஃகும் செய்ய வேண்டியிருந்தது என்பது அக்கால ஜப்பானின் தொழில் நிலையைக் காட்டுகிறது.

1934 செப்டம்பரில் முதல் எஞ்சின் இயங்கியது. ஆனால் அதன் திறன் ஐம்பது குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. முன்மாதிரியான செவ்ரோலே எஞ்சினோ ஏறத்தாழ 60 குதிரைத்திறன் தந்தது. அளவுகள் ஒன்றாக இருந்தும் திறன் குறைந்ததால், எரிகலவை உட்சென்று எரியும் உருளைத் தலைப்பகுதி மாற்றியமைக்கப்பட்டது. முடிவில் 3,389 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஏ வகை எஞ்சின், நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் 65 குதிரைத்திறனைத் தந்தது.

முதல் வண்டிகள்

1935 மே மாதத்தில் ஏ1 என்னும் முன்மாதிரிக் கார் உருவானது. எனினும் நாட்டின் தேவையும் அரசின் விருப்பமும் லாரி எனப்படும் சரக்குந்தின் பக்கமே இருந்தன. எனவே அதே எஞ்சினைக் கொண்ட ஜி1 சரக்குந்து விரைந்து உருவாக்கப்பட்டு, 1935 நவம்பரில் டோக்கியோவில் அறிமுகம் செய்யப்பட்டது.

ஜி1 அடிக்கடி பழுதுற்றது. பின் அச்சுப் பகுதிகள் உடைந்து வண்டிகள் வழியில் நின்றன. ஜெனரல் மோட்டார்சின் ஜப்பான் கிளையிலிருந்து வந்து விற்பனைப் பொறுப்பேற்ற ஷோதாரோ காமியா, தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் சென்று பழுதுபார்க்கக்கூடிய அண்மைப் பகுதிகளில் முதலில் விற்கும் வழியைக் கையாண்டார். விலை, அடக்க விலைக்கும் கீழாக வைக்கப்பட்டது. வண்டி நின்ற இடத்துக்குக் கீச்சிரோவே சென்று பார்த்ததும் உண்டு. ஒவ்வொரு பழுதும் குறித்து வைக்கப்பட்டு அடுத்த வண்டியில் திருத்தப்பட்டது. ஜி1 மொத்தம் 379 வண்டிகளே செய்யப்பட்டன. 1936-இல் ஏஏ என்னும் கார் விற்பனைக்கு வந்தது.

1936-இல் இயற்றப்பட்ட தானுந்து உற்பத்தித் தொழிற் சட்டம், அரசு உரிமம் பெற்ற உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. டொயோடாவும் நிசானும் உரிமம் பெற்றன. அமெரிக்க நிறுவனங்களின் உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டு, 1939 அளவில் நின்றது. ஆகவே டொயோட்டாவின் தொடக்க வளர்ச்சி முழுவதும் திறந்த போட்டியில் பெற்றதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதே 1936-இல் வணிகச் சின்னத்துக்கான போட்டி நடத்தப்பட்டு ஏறத்தாழ 27,000 படைப்புகள் வந்தன. குடும்பப் பெயரான டொயோடா, டொயோட்டா என மாற்றப்பட்டது. ஜப்பானிய கட்டக்கானா எழுத்தில் இப்பெயரை எட்டுக் கோடுகளில் எழுதலாம். எட்டு அங்கு நற்பேற்றின் எண்ணாகக் கருதப்படுகிறது. 1937 ஆகஸ்ட் 28 அன்று டொயோட்டா தானுந்து நிறுவனம் தனி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ரிசாபுரோ தலைவராகவும் கீச்சிரோ துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றனர். 1941-இல் கீச்சிரோ தலைவரானார்.

கொரோமோ ஆலை

1938 நவம்பரில் நகோயாவுக்குக் கிழக்கே கொரோமோ என்னும் ஊரில் பெரிய ஆலை திறக்கப்பட்டது. இங்கு உதிரிகளைக் குவித்து வைக்காமல், தேவையான பொருளைத் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் கொண்டுவரும் முறையைக் கீச்சிரோ வகுத்தார். முதல் குறைந்த நிறுவனத்துக்கு, கிடங்கில் முடங்கும் பொருள் பெருஞ்சுமை என்பதே இதன் அடிப்படை. போர்க்காலக் கட்டுப்பாடுகளால் இம்முறை தடைப்பட்டது. போருக்குப் பின் தைச்சி ஓனோ முதலியோர் இதை விரிவாக்கி, உலகெங்கும் அறியப்பட்ட உற்பத்தி முறையாக வளர்த்தனர்.

எஞ்சின் குடும்பம்

ஏ வகையின் வழியில் பல எஞ்சின்கள் தோன்றின.

பி வகை: 1938-இல் வந்த இது ஏறக்குறைய ஏ வகையின் கொள்ளளவே கொண்டது, 75 குதிரைத்திறன் தந்தது. சரக்குந்துகளில் பொருத்தப்பட்டது.

சி வகை: ஆறு உருளைகளில் நான்கை மட்டும் கொண்டது. 3,389 கன செ.மீ.யில் ஆறில் நான்கு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,259 கன செ.மீ. கொள்ளளவுள்ளது. உருளை அளவு மாறாததால் பல உதிரிகள் இரண்டுக்கும் பொதுவாயின.

எஸ் வகை: போருக்குப் பின் உருவான 995 கன செ.மீ. சிறு எஞ்சின். இது பழைய குடும்பத்தைச் சேராத புதிய வடிவமைப்பாகும். 1947-இல் வந்த எஸ்ஏ காரில் பொருத்தப்பட்டது.

போரும் நெருக்கடியும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலை பெரும்பாலும் படைத்துறைக்கான சரக்குந்துகளையே செய்தது. 1945 ஆகஸ்டில் போர் முடிவதற்கு முந்தைய நாள் நிகழ்ந்த குண்டுவீச்சில் கொரோமோ ஆலையின் ஒரு பகுதி அழிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நேசப் படைகளின் நிருவாகம் சரக்குந்து உற்பத்திக்கு இசைவளித்தது. சிறு கார்களுக்கு 1947-இல்தான் வரம்புடன் இசைவு கிடைத்தது.

1949-இல் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த நடைமுறைப்படுத்தப்பட்ட டாட்ச் திட்டம் கடும் பணத்தட்டுப்பாட்டை உண்டாக்கியது. விற்ற வண்டிகளுக்குப் பணம் வரவில்லை, ஊதியம் தாமதமானது. ஆட்குறைப்பு செய்வதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் தொழிற்சங்கம் ஊதியக் குறைப்புக்கு உடன்பட்டது. ஆனால் கடன் அளித்த வங்கிகள், விற்பனைப் பிரிவைத் தனி நிறுவனமாக்கவும் ஆட்களைக் குறைக்கவும் வலியுறுத்தின. 1950 ஏப்ரலில், 1,600 பேர் விருப்ப ஓய்வில் செல்ல வேண்டும் என நிருவாகம் அறிவித்தது. அதையொட்டிய போராட்டம் இரண்டு மாதங்கள் நீடித்தது. கொடுத்த வாக்கைக் காக்க இயலாமைக்குப் பொறுப்பேற்று, 1950 ஜூன் மாதம் கீச்சிரோ தலைவர் பதவியிலிருந்து விலகினார். முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டுச் சென்றனர்.

அதே மாதம் 25-ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படை, பி வகை எஞ்சின் பொருத்திய பிஎம் சரக்குந்துகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. சில வாரங்களுக்கு முன்பு வரை மூடப்படும் நிலையிலிருந்த நிறுவனம், புதிய தலைவர் தைசோ இஷிதாவின் கீழ் ஆதாயம் ஈட்டத் தொடங்கியது.

மறைவு

நிறுவனம் நிமிர்ந்தபின், கீச்சிரோ மீண்டும் தலைமையேற்க வேண்டுமென 1952 தொடக்கத்தில் இஷிதா கேட்டுக்கொண்டார். கீச்சிரோவும் இசைந்தார். ஆனால் பொறுப்பேற்கும் முன்னரே, மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவால் 1952 மார்ச் 27 அன்று காலமானார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரிசாபுரோவும் மறைந்தார்.

பின்வந்தவை

பி வகை எஞ்சின் 1951-இல் உருவான பிஜே என்னும் நான்கு சக்கர இயக்க வண்டியிலும் இடம்பெற்றது. அவ்வண்டியே 1954 முதல் லேண்ட் குரூசர் எனப்பட்டது. 1953-இல் வந்த 1,453 கன செ.மீ. ஆர் வகை எஞ்சின், 1955-இல் வெளியான கிரவுன் காரில் பொருத்தப்பட்டது. கொரோமோ நகரம் 1959-இல் டொயோட்டா எனப் பெயர் மாற்றப்பட்டது. கீச்சிரோவின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பான எய்ஜி டொயோடாவும், மகன் ஷொய்ச்சிரோ டொயோடாவும் பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவர்களாயினர்.

இந்தியாவில் கிர்லோஸ்கர் குழுமத்துடன் இணைந்த டொயோட்டா நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டு, பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதியில் ஆலை அமைத்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் பெரிதும் ஓடிய குவாலிசு அங்கு உருவான முதல் வண்டியாகும். பெங்களூரை அடுத்த சிகணியில், பழைய தறித் தொழிலகத்தின் தொடர்ச்சியான நிறுவனம் முதலில் நூற்பு எந்திரங்களையும் பின்னர் டீசல் எஞ்சின்களையும் உற்பத்தி செய்தது. கரியாவில் கீச்சிரோ கடந்த வழியும் இதுவே.

விசைத்தறியும் சரக்குந்தும் அடுத்தடுத்த ஊர்களில் தழைக்கும் நாமக்கல் வட்டாரத்தினருக்கு, இவ்விரு தொழில்களின் உறவு புதிதன்று. நாமக்கல்லின் பட்டறைகள் வெளியிலிருந்து வரும் அடிச்சட்டத்தின் மீது உடற்கூடு கட்டுவதில் பெயர் பெற்றவை. கீச்சிரோ எடுத்துக்கொண்ட பணி அந்த அடிச்சட்டத்தையும், அதனுள் இருக்கும் எஞ்சினையும், எஞ்சினுக்கான எஃகையும் தம் ஊரிலேயே செய்வதாகும். பிறர் செய்த எஞ்சினைப் பார்த்துச் செய்ததே அவருடைய முதல் எஞ்சின். அதை வார்க்கக் கற்ற தொழிலாளர்களே பின்வந்த எஞ்சின்களுக்கு அடித்தளம் ஆயினர்.