ராமேஸ்வரம் நடைபயணத்தில் ராத்திரி எங்கே தங்குவது? ராஜ்ஜியம் போனபிறகும் சரபோஜி விட்டுக்கொடுக்காத சத்திரங்கள்

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகணும்னா இன்றைக்கு ஒரு பஸ், இல்லையென்றால் ரயில். கிளம்பும் முன்பே போனில் ரூம் புக் பண்ணிவிடலாம். 200 வருஷத்துக்கு முன்னால் இதே தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். காசியிலிருந்து வருகிறவர் என்றால் மாதக்கணக்கில் நடை. பகலில் நடந்துவிடலாம். ராத்திரி எங்கே படுப்பது?

இந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தவைதான் சத்திரங்கள். தஞ்சாவூர் - ராமேஸ்வரம் வழிச் சத்திரங்களின் கதையில் தவிர்க்க முடியாத ஒரு பெயர், இரண்டாம் சரபோஜி மன்னர். சரஸ்வதி மகால் நூலகம் என்றதும் நினைவுக்கு வருகிற அதே சரபோஜிதான். ஆட்சி அதிகாரம் முழுவதும் கையை விட்டுப் போன பிறகும், சத்திரங்களை மட்டும் விட முடியாது என்று நின்றவர். அது ஏன்? முதலில் அந்தப் பாதையைப் பார்ப்போம்.

நடந்து போனவர்களுக்கு என்ன பிரச்சினை?

காசி - ராமேஸ்வரம் யாத்திரை இரண்டு முனை கொண்டது. கங்கை நீரைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்வார்கள். சேதுக்கரை மணலை எடுத்துப்போய் கங்கையில் கரைப்பார்கள். அதனால் வடக்கிலிருந்து சாதுக்கள், பைராகிகள், குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தது. தமிழ் தெரியாது, ஊரில் தெரிந்த ஆளும் கிடையாது.

வழியில் ஹோட்டல் என்று ஒன்று கிடையாது. காசு இருந்தாலும் சாப்பாடு வாங்கிவிட முடியாது. ஒரு சாதிக்காரர் வீட்டில் இன்னொரு சாதிக்காரர் படுப்பதோ சாப்பிடுவதோ நடக்காத காலம். மரத்தடியில் படுத்தால் பாம்பு, திருடன். ஐப்பசி, கார்த்திகையில் மாட்டிக்கொண்டால் மழை. காய்ச்சல் வந்துவிட்டால் கூட வந்த கூட்டம் எத்தனை நாள் காத்திருக்கும்?

சாலையோரம் சுமைதாங்கிக் கல் உண்டு, கோடையில் தண்ணீர்ப் பந்தல் உண்டு. அவை பகல் நேரத்துக்குச் சரி. ராத்திரிக்கு வேண்டியது கூரையும் சோறும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கிருந்து பட்டுக்கோட்டை ஏறக்குறைய அதே தூரம். மூட்டை முடிச்சோடு ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் இவ்வளவுதான். தஞ்சை மராட்டிய அரசர்களின் சத்திரங்கள் இப்படிப்பட்ட ஊர்களில்தான் எழுந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் பெண்கள் பெயர். அரச குடும்பத்துப் பெண்கள் பேரில்தான் பெரும்பாலான சத்திரங்கள் வைக்கப்பட்டன. மீமிசலைத் தாண்டி ராமநாதபுரம் சீமைக்குள் போய்விட்டால் சேதுபதி மன்னர்களின் சத்திரங்கள்.

இவற்றில் பல, சரபோஜிக்கு முந்தைய பிரதாபசிம்மர், துளஜா காலத்திலேயே தொடங்கப்பட்டவை. சரபோஜிக்கு அவை பரம்பரையாக வந்த சொத்து. ஆனால் அவர் கைக்கு அவை வந்த விதம் அவ்வளவு சுலபமானதல்ல.

இருட்டறையிலிருந்து அரியணைக்கு

சரபோஜி பிறந்தது 1777-ல், போன்ஸ்லே வம்சத்தின் வேறொரு கிளையில். வாரிசு இல்லாத துளஜா மன்னர், 1787-ல் சாகும் தறுவாயில் 10 வயதுகூட நிரம்பாத இந்தப் பையனைத் தத்தெடுத்தார். தஞ்சையில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸிடம் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கிய சுவார்ட்ஸ், துளஜாவின் தம்பி அமர்சிங்கைக் கைகாட்டினார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அமர்சிங் தானே ராஜா ஆகிவிட்டார். சிறுவன் சரபோஜி அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டான். வெளிச்சம் இல்லாத அறை, முறையான படிப்பு கிடையாது. சுவார்ட்ஸ் திரும்பத் திரும்பப் புகார் செய்த பிறகுதான் பையனுக்கு விடிவு வந்தது. 1793-ல் துளஜாவின் விதவை மனைவியரோடு சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே படித்தார். தத்து சாஸ்திரப்படி செல்லும் என்று பிறகு முடிவாகி, 1798-ல் கிழக்கிந்திய கம்பெனி அமர்சிங்கை இறக்கிவிட்டு சரபோஜியை அரியணையில் ஏற்றியது.

கம்பெனி எதையும் சும்மா செய்யாது இல்லையா? 1799 அக்டோபரில் உடன்படிக்கை கையெழுத்தானது. தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகமும் வரி வசூலும் கம்பெனிக்கு. ராஜாவுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். அதிகாரம் என்று மிஞ்சியது கோட்டைக்குள் மட்டும். 22 வயதில் சரபோஜி, ராஜ்ஜியம் இல்லாத ராஜா.

சத்திரத்துக்கு என்ன ஆபத்து?

இங்கேதான் சிக்கல். சத்திரத்தில் தினமும் உலை கொதிக்க வேண்டுமென்றால் தினமும் அரிசி வேண்டும். அந்த அரிசி ராஜாவின் கஜானாவிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களும் நிலங்களும் மானியமாக எழுதிவைக்கப்பட்டிருந்தன. அந்த ஊர்களின் நெல்லும் வருமானமும் நேராகச் சத்திரத்துக்குப் போகும். சத்திரத்தை ஓட்டிய எஞ்சின் அதுதான்.

இப்போது வரி வசூல் கம்பெனி கையில். மானிய கிராமங்களையும் கம்பெனி தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? கட்டடம் நிற்கும், அடுப்பு அணைந்துவிடும். சாயங்காலம் அந்தச் சத்திரத்தை நம்பி 25 கிலோமீட்டர் நடந்து வந்தவர் வெறும் திண்ணையில் பட்டினியாகப் படுக்க வேண்டியதுதான்.

1801-ல் சரபோஜி, தஞ்சையில் இருந்த கம்பெனி ரெசிடென்ட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் தன் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இவை வெறும் சோற்றுக் கூடங்கள் அல்ல என்று புரியவைக்க, உள்ளே என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அந்தக் காலச் சத்திரம் எப்படி இயங்கியது என்று இன்றைக்கு நாம் தெரிந்துகொள்ள அந்தக் கடிதம் பெரிய உதவி.

ஒரு சத்திரத்துக்குள் என்ன நடந்தது?

கடிதத்தில் சரபோஜி சொன்ன விவரங்களின் சுருக்கம் இது.

*சாப்பாடு:* பிராமணர் முதல் ஒடுக்கப்பட்ட சாதியினர் வரை, ஜோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் என்று வருகிற எல்லா யாத்ரிகர்களுக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் கொடுத்துவிடுவார்கள். அவர்களே சமைத்துக்கொள்ளலாம்.

*நள்ளிரவு மணி:* பந்தி நடு ராத்திரி வரை ஓடும். கடைசியில் ஒரு மணி அடிக்கும். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். வழி தவறியோ கால் வலித்தோ நேரம் கழித்து வந்து சேருகிறவரை நினைத்துச் செய்த ஏற்பாடு.

*வைத்தியம்:* நோய்க்கும், வீக்கத்துக்கும், விஷக்கடிக்கும் பார்க்கத் தெரிந்த வைத்தியர்கள் சத்திரத்திலேயே இருந்தார்கள். வழியில் படுத்துவிட்டவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகி நடக்கிற வரை வைத்திருப்பார்கள். மழையால் மேற்கொண்டு போக முடியாதவர்களும் அங்கேயே தங்கலாம்.

*பிரசவம்:* யாத்திரை வழியில் பிள்ளை பெறுகிற பெண்களுக்கு மருந்தும் பராமரிப்பும், குழந்தைக்குப் பாலும் உண்டு. உடம்பு தேறுவதற்காக மூன்று மாதம் வரை தங்க அனுமதி.

*அநாதைக் குழந்தைகள்:* அப்பா அம்மா வழியில் இறந்துவிட்டால்? அந்தப் பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் விடுவார்கள். மூன்று வேளை சாப்பாடு, துணிமணி, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், படிப்பு.

*சாவு:* யாத்ரிகர் அங்கேயே இறந்துபோனால், அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கிரியை.

தங்குமிடம், சாப்பாடு, ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு, பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம். ஒரே கூரைக்குக் கீழே இத்தனையும் இருந்தன. சரபோஜியின் வேண்டுகோளுக்குக் கம்பெனி இணங்கியது. சத்திரங்கள் அரண்மனை நிர்வாகத்திலேயே தொடர்ந்தன.

முக்தாம்பாள் கேட்ட வரம்

ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய சத்திரம் அவருடைய சொந்த துக்கத்தோடு சம்பந்தப்பட்டது. முக்தாம்பாள் அவருடைய காதலி. முறைப்படி பட்டத்து ராணி அல்ல. இளம் வயதிலேயே நோயில் விழுந்த அவர், தன் பேரில் ஒரு அன்னசத்திரம் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு இறந்ததாகச் சொல்லப்படுகிறது. 1800-களின் தொடக்கத்தில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் அவருடைய நினைவுதான். அந்த ஊருக்கே முத்தம்மாள் சத்திரம் என்ற பெயர் வழங்கியது. ஒரு பெண்ணின் நினைவுக்கு ராஜா ஒருவர் கோபுரமோ சிலையோ வைத்திருக்கலாம். இங்கே அந்த நினைவு, முகம் தெரியாத வழிப்போக்கர்களுக்குப் போட்ட இலையாக இருந்தது.

யாத்ரிகராக ஒரு ராஜா

அதிகாரம் போனதால் மிஞ்சிய நேரத்தையும் பணத்தையும் சரபோஜி வேறு வழிகளில் செலவிட்டார். சரஸ்வதி மகாலை விரிவாக்கினார். தன்வந்திரி மகாலில் வைத்திய ஆராய்ச்சி நடந்தது. கண் நோயாளிகளின் விவரங்களை ஓவியத்தோடு பதிவுசெய்த ஏடுகள் அவருடைய காலத்தவை. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்தன. சத்திரத்து வைத்தியரும் வாத்தியாரும், அரண்மனைக்குள் நடந்த இந்த வேலைகளும் ஒரே மனப்போக்கின் இரண்டு பக்கங்கள்.

1820-ல் அவரே காசிக்குக் கிளம்பினார். கூடவே சுமார் 3000 பேர். இத்தனை பேருக்கு எந்தச் சத்திரமும் போதாது. கூடாரம் அடித்துத் தங்கித்தான் போக வேண்டும். போகிற வழியில் தீர்த்தங்களில் நீராடியதோடு, சுவடிகளையும் சேகரித்தார். காசிப் படித்துறைகளை வரைந்த படங்கள் சரஸ்வதி மகால் சேகரிப்பில் இருக்கின்றன. 1832-ல் தஞ்சையில் சரபோஜி காலமானார்.

எல்லோருக்கும் ஒரே பந்தியா?

சத்திரத்தை இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்துப் புல்லரித்துவிட வேண்டாம். எல்லோருக்கும் சோறு கிடைத்தது உண்மை. ஆனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசி கொடுத்த ஏற்பாடே, யார் கை சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற சாதிக் கணக்கில் வந்ததுதான். சத்திரத்தில் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்தப் படிப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைத் தீர்க்க இன்னும் 100 வருஷம் ஆனது. சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. சத்திரங்கள் கம்பெனிக்கும், பின்னாளில் ஜில்லா போர்டுக்கும் போயின. இதற்கிடையில் ரயில் வந்துவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு நடந்து போக வேண்டிய அவசியமே குறைந்தது. யாத்ரிகர் குறைந்தார்கள். நிலமும் வருமானமும் இருந்தன.

அந்த வருமானத்தை யாருக்குச் செலவிடுவது என்ற கேள்வி 1920-களில் எழுந்தது. தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், தமிழறிஞர் உமாமகேசுவரனார் போன்றவர்களின் முயற்சியில், சத்திர வருமானத்தில் நடந்த திருவையாறு சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழும் பாடமானது. ஒரத்தநாடு, ராசாமடம் விடுதிகள் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்தன. யாத்ரிகருக்குக் கூரை கொடுத்த சொத்து, கிராமத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கூரையானது.

இன்றைக்கு என்ன மிச்சம்?

தஞ்சையில் சத்திர நிர்வாகம் இன்றும் அரசின் வருவாய்த் துறை வசம் இருக்கிறது. சில கட்டடங்கள் பள்ளி, விடுதி என்று பயன்பட்டன. சில இடிந்து கிடக்கின்றன.

பழநிக்கும் வேளாங்கண்ணிக்கும் இன்றும் ஆயிரக்கணக்கானோர் நடந்துதான் போகிறார்கள். ராத்திரி கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, பெட்ரோல் பங்க் ஓரம், கடை வாசல் என்று கிடைத்த இடத்தில் படுக்கிறார்கள். அன்னதானப் பந்தல் போட நிறைய பேர் முன்வருகிறார்கள். ஆனால் பந்தல் சில நாளில் பிரிக்கப்பட்டுவிடும். காய்ச்சலில் விழுந்தவரைக் குணமாகும் வரை வைத்துப் பார்ப்பதற்கு, வருஷம் முழுக்க வருமானம் வருகிற நிரந்தர ஏற்பாடு வேண்டும். கோட்டையைத் தவிர எல்லாவற்றையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த சரபோஜி, சத்திரத்துக் கிராமங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டதன் காரணம் இதுதான்.