மருத்துவர் பிராடனும் புழுங்கல் அரிசியும்

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஏராளமான உயிர்களைப் பறித்தது. அது நரம்புகளைத் தாக்கும் நோய். கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். அக்கால மருத்துவர் பலர் அதைத் தொற்றுநோய் என்றே கருதினர்.

அப்போது நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றியவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். நோயுற்றவர்களை மட்டுமன்றி, நோய் அணுகாதவர்களையும் அவர் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். தோட்டங்களில் உழைத்த தமிழர்களையோ அந்நோய் அரிதாகவே தாக்கியது. கம்பத்து மலாய்க்காரர்களும் பெரும்பாலும் தப்பினர்.

இவர்களின் உணவை அவர் ஒப்பிட்டார். மூவருக்கும் சோறே முதன்மை உணவு. ஆனால், அரிசி வேறு. சீனர்கள் ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டனர். மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்தனர். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டனர். நோய்க்குக் காரணம் வெள்ளை அரிசியே என்று பிராடன் 1901ஆம் ஆண்டில் எழுதினார். பலர் அதை ஏற்கவில்லை.

உற்றுநோக்கல் மட்டும் சான்றாகாது. 1905இல் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூர் மனநல விடுதியில் இதனைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரு குழுக்களாகப் பிரித்தார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 36 பேர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவர்களும் நோயுடன் வந்து சேர்ந்தவர்கள். மறுக்க இயலாதவர்களின் உயிரைப் பணயம் வைத்த இத்தகைய சோதனையை இன்றைய ஆய்வு நெறி அனுமதிக்காது.

பிராடனின் கருத்திலும் ஒரு பிழை இருந்தது. வெள்ளை அரிசியில் நஞ்சு உண்டாவதாக அவர் எண்ணினார். பின்னர், ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் பகுதியில், சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தினர். அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து நீங்கிவிடுகிறது என்பது அவர்களின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. நரம்புகளுக்கும் மூளைக்கும் இன்றியமையாத அந்த உயிர்ச்சத்து பி1, 1926இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இன்று மூளையைப் படமெடுத்து ஆராயும் அறிவியலாளரும் நோயுற்றோரை நலமுள்ளோருடன் ஒப்பிட்டே உண்மையைத் தேடுகின்றனர். படக்கருவிகள் இல்லாத அக்காலத்தில், பிராடனுக்கு வழிகாட்டியது தோட்டத்து லயங்களில் பொங்கிய சோறு.