ஆறு புள்ளிகளில் எழுத்துத் தந்த லூயி பிரெயில்



டச் போனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே வெறும் கண்ணாடிதான். பழைய பட்டன் போனிலாவது 5-ஆம் எண் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தடவிப் பார்த்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியில் தடவ ஒன்றுமே கிடையாது. அப்படியென்றால் கண் தெரியாதவர் அதில் எப்படி மெசேஜ் டைப் பண்ணுவார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், 1852-லேயே இறந்துபோன ஒருவரிடம் போய் நிற்போம். அவர்தான் லூயி பிரெயில்.

பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் குப்வ்ரே என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1809 ஜனவரி 4-ஆம் தேதி லூயி பிறந்தார். நாலு பிள்ளைகளில் அவர்தான் கடைக்குட்டி. அப்பா குதிரைக்குச் சேணம் தைக்கிற தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தோலைக் குத்துகிற கூரான கருவி குழந்தையின் ஒரு கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் நல்ல மருந்து ஏது? புண் சீழ் வைத்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது.

பார்வையில்லாத பிள்ளைகள் அப்போது பெரும்பாலும் பிச்சை எடுத்துத்தான் பிழைத்தார்கள். லூயியின் அப்பா, அம்மா அப்படி விடவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மற்ற பிள்ளைகளோடு அனுப்பினார்கள். காதால் கேட்டே லூயி நன்றாகப் படித்தார். 1819-இல், பத்து வயதில், பாரிசில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். வாலன்டைன் ஆவி என்பவர் தொடங்கிய பள்ளி அது.

அங்கே புத்தகம் இருந்தது. ஆனால் எப்படிப்பட்ட புத்தகம் தெரியுமா? நாம் எழுதுகிற மாதிரி எழுத்தையே பெரிசு பெரிசாகத் தாளில் மேடாக அழுத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் சுற்றி வந்து இது என்ன எழுத்து என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும். புத்தகமோ தூக்க முடியாத கனம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த எழுத்தை மாணவர்களால் தாங்களே எழுத முடியாது. பாடத்தில் ஒரு குறிப்பு எடுக்க முடியாது, அம்மாவுக்கு ஒரு கடிதம் போட முடியாது. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. நான் படித்த சின்னச் சின்னக் கட்டுரைகளில் எல்லாம் லூயி படிக்க வழி செய்தார் என்றே இருக்கிறது. எனக்கென்னவோ அவர் எழுதவும் வழி செய்ததுதான் பெரிசாகத் தெரிகிறது.

1821-இல் ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி எழுத்து அந்தப் பள்ளிக்கு வந்தது. கோட்டுக்குப் பதில் புள்ளி! புள்ளி விரலுக்கு உடனே தெரிந்தது. ஊசியால் குத்தி எழுதவும் முடிந்தது. மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருக்கும். விரல் நுனிக்குள் அடங்காது, மேலும் கீழும் நகர்த்த வேண்டும். அது ஒலிக்குத்தான் குறி, எழுத்துக்கு இல்லை. அதனால் எழுத்துக்கூட்டி எழுத முடியாது. முற்றுப்புள்ளி, கமா கிடையாது. எண்ணும் கிடையாது.

இதைச் சரிசெய்ய லூயி உட்கார்ந்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் புள்ளி. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதும் தாளும் ஊசியும் கூடவே போயின. 1824-இல் அவர் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது வயது பதினைந்து. நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்கள் வயசு!

அவர் செய்தது இதுதான். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒரு விரல் நுனியை வைத்தால் ஆறும் அடங்கிவிடும். இந்த ஆறு புள்ளிகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவம் கிடைக்கும். கணக்கு சாரிடம் கேட்டால் ஏன் 63 என்று சொல்வார். முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நாலு புள்ளியை மட்டும் பயன்படுத்தினார். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3-ஆம் புள்ளியைச் சேர்த்தார். அதற்கும் அடுத்ததற்கு 6-ஐயும் சேர்த்தார். பத்து வடிவம் மனப்பாடமானால் மீதி தானே வந்துவிடும். 1829-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1837-இல் திருத்திய பதிப்பு வந்தது.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிற வேலையும் பார்த்தார். இசைக்கும் புள்ளிக் குறி செய்தார்.

இவ்வளவு நல்ல எழுத்தை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைப்பீர்கள். இல்லவே இல்லை. 1840-இல் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைவர் பிரெயில் எழுத்து வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பார்வை உள்ளவர்கள் படிக்கிற எழுத்தையே இவர்களும் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கண்ணுக்குச் சுலபமானது இவர்கள் விரலுக்கும் சுலபம் என்று எப்படி நினைத்தார்களோ! மாணவர்கள் விடவில்லை. ஒளித்து வைத்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் 1844-இல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவிலே, எல்லோர் முன்னாலும் பிரெயில் எழுத்தை எழுதிப் படித்துக் காட்டினார்கள். அதற்கப்புறம்தான் தடை போனது.

இதற்கு நடுவில் லூயி இன்னொரு வேலையும் செய்தார். இது நிறைய பேருக்குத் தெரியாது. பிரெயிலில் கடிதம் எழுதினால் வீட்டில் உள்ளவர்கள் படிக்க முடியாதே? அதனால் சாதாரண எழுத்தின் உருவத்தையே புள்ளிகளால் எழுதுகிற முறை ஒன்றை 1839-இல் வெளியிட்டார். ஒவ்வொரு புள்ளியாகக் குத்த நேரம் ஆனது. பார்வையற்றவரான பியேர் ஃபூக்கோ என்ற நண்பர் 1841-இல் அதற்கு ஒரு இயந்திரம் செய்தார். விசையை அழுத்தினால் புள்ளி விழும். டைப்ரைட்டர் கடைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கண் தெரியாத இரண்டு பேர் டைப் அடித்துவிட்டார்கள்!

லூயிக்குக் காச நோய். பல வருஷம் அதோடு போராடி 1852 ஜனவரி 6-ஆம் தேதி இறந்தார். 43-ஆவது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாள். அவர் பள்ளி பிரெயிலை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-இல். அதை அவர் பார்க்கவில்லை. இறந்து நூறு ஆண்டு கழித்து 1952-இல் அவர் உடலைப் பாரிசில் பெரிய தலைவர்கள் இருக்கிற பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கைகளை மட்டும் குப்வ்ரே கிராமத்திலேயே வைத்துக்கொண்டார்கள். 2009-இல் நம் இந்திய அரசு அவர் படம் போட்டு 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது.

இப்போது கண்ணாடிப் போனுக்கு வருவோம். 2009-லிருந்து டச் போன்களில் படித்துச் சொல்கிற குரல் வந்துவிட்டது. கண்ணாடி மேல் விரலை நகர்த்தினால் எந்த எழுத்தின் மேல் விரல் இருக்கிறது என்று போன் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தாலோ இரண்டு தரம் தட்டினாலோ அது பதிவாகும். இப்படி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு வரி அடிப்பது, லூயி சின்ன வயதில் மேடு எழுத்தைத் தடவிப் படித்த கதைதான். வாயால் சொல்லியும் எழுதலாம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? அக்காவுக்கு அனுப்புகிற ரகசியத்தைச் சொல்ல முடியுமா?

அதனால் 2014-இல் ஐபோனிலும் 2020-இல் ஆண்ட்ராய்டு போனிலும் பிரெயில் விசைப்பலகை வந்தது. போனைப் படுக்கை வாக்கில், திரை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையின் மூன்று விரல் 1, 2, 3. வலது கையின் மூன்று விரல் 4, 5, 6. ஒரு எழுத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை விரலையும் ஒரே நேரத்தில் தட்டினால் எழுத்து விழுந்துவிடும். எதையும் தேட வேண்டாம், விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். பன்னிரண்டு புள்ளியாகவே இருந்திருந்தால் இரண்டு கை விரலும் சேர்ந்து பத்துத்தானே, என்ன செய்திருப்பார்கள்?

நம் தமிழுக்கும் இதே ஆறு புள்ளிதான். 'அ' என்றால் 1-ஆம் புள்ளி மட்டும். 'க' என்றால் 1, 3. 'ம' என்றால் 1, 3, 4. இந்தத் தாளின் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். அதில் இந்த மூன்று எழுத்தையும் காம்பஸ் முனையால் பின்பக்கமிருந்து குத்தி வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாகத் திருப்பிக் குத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எது எந்த எழுத்து என்று தொட்டுப் பாருங்கள். ரொம்ப அழுத்தாதீங்க, புள்ளி அமுங்கிப் போயிடும். அடுத்த வகுப்பும் தொடணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி