வயர் மாற்றாமல் சர்க்யூட் மாற்றியவர்

லாஜிக் லேபில் 7400 ஐ.சி.யை பிரட்போர்டில் குத்தி, வயரை மாத்தி மாத்தி ஓய்ந்துபோகும் நம் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் ராஸ் பிரீமனைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே சிப் இன்றைக்கு கவுண்டர், நாளைக்கு மோட்டார் கண்ட்ரோலர் என்று வேஷம் மாற்ற வழி செய்தவர் இவர்தான். எஃப்.பி.ஜி.ஏ. என்று நாம் படிப்பது அதைத்தான்.

1948-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். 1969-ல் பௌதிகத்தில் பட்டம், 1971-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை. பீஸ் கார்ப்ஸ் தொண்டராக ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போய் கணக்கு வாத்தியாராகவும் இருந்திருக்கிறார். டெலிடைப் கம்பெனியில் கொஞ்ச காலம். பிறகு ஸைலாக் - அதாங்க, நம்ம Z80 மைக்ரோபிராசஸர் செய்த கம்பெனி.

அங்கேதான் அந்த யோசனை. நாலு இன்புட் உள்ள எந்த லாஜிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூத் டேபிளில் 16 வரிதானே? அந்த 16 விடையையும் கேட்டாக அமைக்காமல் மெமரி செல்லில் எழுதி வைத்துவிட்டால்? அதே இடம் ஆண்ட் கேட்டும் ஆகும், எக்ஸ்-ஆரும் ஆகும். இந்தக் கட்டங்களுக்கு நடுவே ஓடும் கம்பிகளிலும் சுவிட்ச் வைத்து, அதையும் மெமரி பிட்டால் திறந்து மூடலாம். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். வந்ததும் பக்கத்திலுள்ள இ.பி.ராமிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும்.

கேட்க அழகுதான். ஆனால் அந்தக் காலத்து டிசைனருக்கு இது சுத்த ஊதாரித்தனம்! ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள் அவர்கள். இங்கேயோ பெரும்பங்கு மெமரிக்கும் சுவிட்சுக்குமே போய்விடுகிறது. டிரான்சிஸ்டர் விலை வருஷா வருஷம் சரியும், என்ஜினியரின் நேரம்தான் விலை ஏறும் என்பது பிரீமன் போட்ட கணக்கு. ஸைலாக் இதில் இறங்கவில்லை. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

1984-ல் பெர்னார்ட் வாண்டர்ஷ்மிட், ஜிம் பார்னெட் இருவருடன் சேர்ந்து ஸைலிங்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். சொந்தமாக சிப் ஃபேக்டரி கிடையாது. டிசைன் இவர்களுடையது, தயாரித்துத் தந்தது ஜப்பானின் சீக்கோ. 1985-ல் வெளிவந்தது XC2064. மொத்தமே 64 லாஜிக் கட்டம், அதற்கு சுமார் 85,000 டிரான்சிஸ்டர். வகுத்துப் பாருங்கள், கட்டத்துக்கு 1,300-க்கு மேல் வரும். ஊதாரி என்று சொன்னவர்களையும் குற்றம் சொல்ல முடியாதுதான்.

காப்புரிமை கைக்கு வர 1989 செப்டம்பர் ஆகிவிட்டது. அடுத்த மாதமே நிமோனியா காய்ச்சலில் பிரீமன் காலமானார். வயது 41. மறு வருஷம் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 2004-ல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு வண்டிகள் செவ்வாய் கிரகத்தில் உருண்டபோது, அவற்றின் மோட்டார் கண்ட்ரோல் போர்டில் இருந்தது ஸைலிங்ஸ் சிப்தான். அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் பிரீமன் பெயர் ஏறியது 2009-ல், அவர் போய் 20 வருஷம் கழித்து.