மேஜர் ரோஜர்ஸ்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனத்தைக் காணுந்தோறும் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என் நினைவுக்கு வருகிறார்.

ஊர்காவற்றுறையில் இறங்கும் பிறநாட்டாரைக் காக்க எழுந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனம் அது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என அது விதிக்கிறது. உயிருள்ள யானைக்கு அன்று அத்துணை மதிப்பு. ரோஜர்ஸ் வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, கொன்ற யானைக்கு அரசே வெகுமதி அளித்தது.

இலங்கை ரைபிள் படை அதிகாரியான அவர் பதுளையில் அரசாங்க நிர்வாகமும் புரிந்தார். அக்காலத் துவக்கு, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிப்பது. குறி தவறினால், மறுபடி கெட்டிக்குமுன் யானை மேல்வந்துவிடும். அந்த ஆபத்தே வேட்டைக்கு நியாயம் என்று இளமையில் நானும் எண்ணியதுண்டு. அவர் வீழ்த்தியவை 1400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ற் எழுதியதை அறிந்தபின் அவ்வெண்ணம் அகன்றது. கருவி தாமதிப்பதால் மட்டும் கை அடங்குவதில்லை.

1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரோஜர்ஸ் மாண்டார். யானைகளின் பழி என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. மின்னல் அறம் அறியாது. அறிந்திருக்க வேண்டியவன் துவக்கேந்திய மனிதனே.