பேராசிரியர் பௌலர்

மாநகரங்களை நிர்மாணித்தவர்களின் பெயர்களைச் சரித்திரம் போற்றி வைத்திருக்கிறது. அந்நகரங்களின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கவலைப்பட்டவர்களை அது அவ்வளவாக நினைப்பதில்லை. அசுத்த ஜலத்தைச் சுத்தி செய்யும் தொழிலில் உள்ளோரிடையே உலகப் பிரசித்தி பெற்றவர் கில்பெர்ட் ஜான் பௌலர். நம் தேசத்திலும் பல ஆண்டுகள் பணியாற்றிய அவரைப் பற்றி நம்மவர் அறிந்தது சொற்பமே.

1868-ல் பிறந்த பௌலர், ரஸாயன சாஸ்திரத்தில் தேர்ந்து மான்செஸ்டர் நகரசபையின் சேவையில் அமர்ந்தார். நம் நாட்டுப் பருத்தி கப்பலேறிப் போய், துணியாகத் திரும்பி வந்து, நம் நெசவாளரின் வயிற்றில் அடித்த கதையை வாசகர்கள் அறிவர். அந்தத் துணிக்கு மான்செஸ்டரும் ஒரு விலை கொடுத்தது. சாய நீரும் ஆலைக் கழிவும் மனித மலமும் கலந்து அவ்வூர் நதிகள் கறுத்து நாறின. 1894-ல் கடலிலிருந்து நகரம்வரை கப்பல் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் டேவிஹியூம் என்ற இடத்தில் கழிவுநீர் நிலையமும் ஏற்பட்டது. அங்கே தொட்டிகளின் அடியில் தங்கிய சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். பிரிட்டன் இவ்வழக்கத்தை அடியோடு கைவிட்டது 1998-ல்தான்!

கழிவுநீரைக் கல்லும் கரியும் பரப்பிய படுகைகளில் வடியவிடுவதே அன்று சிறந்த முறை. அதற்கு நிலம் ஏராளமாக வேண்டும். 1898-ல் நியமனமான ராயல் கமிஷனோ, 1912-ல் நதியில் விடும் நீருக்குக் கண்டிப்பான அளவை விதித்தது. லட்சம் பங்கு நீரில் மிதக்கும் அழுக்கு மூன்று பங்குக்கு மேற்படலாகாது. ஐந்து நாட்களில் அந்நீர் கிரகிக்கும் பிராணவாயு இரண்டு பங்குக்கு மேற்படலாகாது. நகரசபைகள் திகைத்தன.

அதே 1912-ல் பௌலர் அமெரிக்கா சென்றார். மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து லாரென்ஸ் பரிசோதனை நிலையத்தில், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் டேவிஹியூமில் இருந்த எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரிடம் அதைச் சொல்லி, அவ்வழியே ஆராயுமாறு தூண்டினார்.

காற்றூதிப் பார்த்தவர்கள் முன்பும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு தடவையும் அடியில் படிந்த சேற்றை வெறும் அழுக்கென்று கருதிக் கொட்டிவிட்டார்கள். மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர் அதைக் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அதே சேற்றின்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். முதல் தடவை நீர் முற்றிலும் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. சேறு பெருகப் பெருகக் காலம் குறைந்து, வாரங்கள் நாட்களாகி, நாட்கள் மணிகளாயின. அந்தச் சேறு கோடானுகோடி நுண்ணுயிர்களின் கூட்டம். அழுக்கே அவற்றின் ஆகாரம். காற்றே அவற்றின் மூச்சு. 1914-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி மான்செஸ்டரில் ரஸாயனத் தொழிற் சங்கத்தின் முன் இவ்விவரம் வாசிக்கப்பட்டது. எழுதியவர்களாக ஆர்டெர்ன், லாக்கெட் இருவர் பெயரே அதில் உண்டு. ஊக்கம் பெற்ற சேறு என்ற பொருளில் அவர்கள் அதற்கிட்ட பெயரே இன்றளவும் வழங்குகிறது.

இம்முறையில் காற்றுத் தொட்டிக்கு அடுத்தபடி தெளிவிக்கும் தொட்டி ஒன்று உண்டு. பார்ப்பதற்குச் சாதுவான இத்தொட்டியே நிலையத்தின் மானத்தைக் காப்பது. சேறு சலனமின்றி அடியில் இறங்க வேண்டும். மேலே தெளிந்த நீர் விளிம்பு வழியே வழிய வேண்டும். இறங்கிய சேற்றில் பெரும் பகுதியை உடனே காற்றுத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, மிகுந்ததை மட்டும் அகற்ற வேண்டும். திருப்ப மறந்தால் வேலை செய்ய உயிர்கள் இல்லை. அகற்ற மறந்தால் சேறு மிதமிஞ்சி விளிம்பைத் தாண்டும். சில சமயம் நூல்போன்ற உயிர்கள் மிகுந்து, சேறு பஞ்சாக உப்பி இறங்க மறுக்கும். அப்போது எவ்வளவு காற்று ஊதியும் பயனில்லை. ஆளில்லாத நிலையமும், மின்சாரம் நின்றுபோகும் நிலையமும் இதனாலேயே பெயருக்கு நிலையங்களாகின்றன.

விஞ்ஞானம் உலகப் பொது என்பார்கள். ஆனால் ஓர் ஆங்கிலக் கம்பெனி விரைந்து பேடண்ட் உரிமைகளைச் சேர்த்துக்கொண்டது. தன் கழிவுநீரை இம்முறையில் சுத்தி செய்த குற்றத்துக்காக அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1934-ல் மேல் கோர்ட்டிலும் தோற்றது.

பௌலர் 1916-ல் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானார். இங்கே அவர் நோக்கம் விரிந்தது. மண்ணிலிருந்து பயிர் எடுக்கும் நைட்ரஜன் உணவாகி, கழிவாகி, நதியோடு போய்விட்டால் நிலம் வறளும் என்பது அவர் கவலை. 1922-ல் ரெகே என்பவருடன் சேர்ந்து, குப்பையையும் கழிவையும் அதே உயிர்த்தத்துவத்தால் எருவாக்கும் முறையை வகுத்தார். ஊறிப் பக்குவமான குவியலே புதுக் குப்பைக்கு உறையாகும் முறை அது. தயிருக்குப் பிரை குத்தும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நைட்ரஜனைப் பேணிக் காப்பது பற்றி 1934-ல் நூலும் வெளியிட்டார். 1953-ல் காலமானார்.

அவர் போதித்த பெங்களூரிலேயே பெல்லந்தூர் ஏரி சுத்தி செய்யாத கழிவுநீரால் நுரை பொங்கி, 2015-லும் 2017-லும் தீப்பற்றியது. நீர் தீப்பிடித்ததை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். அதே நகரத்தின் சுத்தி செய்த கழிவுநீர் 2018 முதல் குழாய் வழியே கோலார் ஜில்லாவின் வறண்ட ஏரிகளுக்குப் போகிறது.